விமானக்காரர்களுக்கு இலை போடுவது பற்றி

தம்பி,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் கடைக்கு வந்தது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தேன். லீவு கிடைத்துவிட்டது, வேட்டியில் ஜரிகை அகலமாக இருக்கக் கூடாது, மேளம் காதைப் பிளக்கக் கூடாது என்பதெல்லாம் சரி. அத்தனையும் எழுதிவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் போடும்போது, அந்த விமானக்காரர்களுக்கு இந்தத் தடவை இலை போடவேண்டாம் என்கிறாய். பெண்ணின் தாய்மாமன் ஒக்கலிபுரத்திலிருந்து உனக்குத் தனியாக எழுதினாராம். நாடு கை மாறப் போகிற நேரத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு பீர் ஊற்றிப் படைக்கிற வீடு என்று நாலு பேர் சிரிப்பார்களாம். அது உனக்கும் நியாயமாகப் படுகிறதாம்.

சுற்றி வளைக்காமல் எழுதினாய், அது எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் அப்படியே பதில் சொல்கிறேன். ஆனால் பதிலுக்கு முன்னால் நீ கொஞ்சம் பொறுமையாகக் கேட்கவேண்டும். அந்த வருஷம் நீ மதராஸில் காலேஜில் இருந்தாய். கதர் கட்டிக்கொண்டு, பட்டாளத்துக்காரனுக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிற அப்பனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாய். லீவுக்கும் வரவில்லை. அதற்கப்புறம் மகாளய அமாவாசைக்கு வந்த சமயத்தில் கூடத்தில் வரிசையாக இலைகளைப் பார்த்தாய். யார், என்ன என்று நீயும் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆக, எதை விடச் சொல்கிறாய் என்பதே உனக்குத் தெரியாது. வண்டியைப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்கிற கிராக்கியை நான் லேசில் விடமாட்டேன் என்பது உனக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் பர்மாவில் உட்கார்ந்திருந்த காலம் அது. இங்கே விமானத் தொழிற்சாலையில், குண்டு போடுகிற பெரிய விமானங்களைக் கொண்டுவந்து பழுது பார்த்தார்கள். அப்படி வந்த ஒரு விமானத்தின் ஆட்கள்தான் இவர்கள். எட்டுப் பேர். இறக்கையில் என்னவோ கோளாறு. அது சரியாகும் வரைக்கும் இவர்களுக்கு ஊரில் ஒரு வேலையும் இல்லை. ஒரு நாள் காலையில் எட்டுப் பேரும் நம் கடை வாசலில் வந்து நின்று, ஆளுக்கு ஒரு சைக்கிள் வேண்டும் என்றார்கள். கேட்டவுடன் எட்டு வண்டி எடுத்துக் கொடுக்கிற கடை ஜீவனஹள்ளியில் நம் கடை ஒன்றுதான். ஓட்டை சைக்கிள் ஒன்றைத் துடைத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தவன் நான். அன்றைக்கு வாசலில் எட்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் ஸ்டாண்டை விட்டு இறங்கியபோது மார்பு விரிந்தது என்பதை ஏன் மறைக்கவேண்டும்?

அவர்கள் ஓட்டிய ஓட்டத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஆகாயத்தில் எந்தெந்த இடத்தில் உட்கார்ந்து பறப்பார்களோ அதே இடத்தில் ரோட்டிலும் போவார்கள். எல்லாருக்கும் முன்னால் ஸ்கிப்பர். விமானத்தை ஓட்டுகிறவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நெட்டையான ஆள், எந்த வண்டியில் ஏறினாலும் முழங்கால் ஹாண்டில்பாரில் இடிக்கும். பின்னால் வழி பார்த்துச் சொல்கிற கண்ணாடிக்காரர். இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர் ஒற்றைக் கையை நீட்டிக்கொண்டு இறக்கையாகப் போவார்கள். கட்டக் கடைசியில் ஆல்பி. விமானத்தின் வாலில் உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிறவன். குள்ளம், சிவந்த மூஞ்சி. தன் சைக்கிளை அரை பர்லாங்கு போனதும் சுவரோரம் சாய்த்துவிட்டு, வேறொருவன் காரியரில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, நம் வீட்டுக் குடையைத் துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டு வருகிற போகிறவர்களை எல்லாம் சுடுவான். காக்ஸ் டவுன் இறக்கத்திலிருந்து அல்சூர் ஏரி வரைக்கும் எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போட்டுக்கொண்டு போவார்கள். கீரைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஜட்கா குதிரைகள் மட்டும்தான் அவர்களை வெறுத்தன.

நான் வாடகையைக் குறைக்கவில்லை. மட்கார்டு நசுங்கினால் அதற்கும் சேர்த்து வாங்கினேன். இதை எழுதும்போது உன் முகம் போகிற போக்கு எனக்குத் தெரிகிறது. ஆனால் ஒன்று தெரிந்துகொள். சும்மா கொடுத்திருந்தால் கூச்சப்பட்டு இரண்டு நாளில் வராமல் நின்றிருப்பார்கள். காசு கொடுத்ததால்தான் உரிமையோடு வந்தார்கள், உரிமையோடு என்னைத் திட்டினார்கள், கடை ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து என் பீடியையும் பிடுங்கிக் குடித்தார்கள். நாளைக்கு நீ குடும்பம் நடத்தும்போது சொந்தக்காரர்களுக்குள் எதையும் சும்மா கொடுத்துப் பெரிய மனிதன் ஆகப் பார்க்காதே. எதிராளிக்கு நிமிர்ந்து நிற்க ஓர் இடம் வை.

வீட்டுக்குள் அவர்களை நான் அழைக்கவில்லை, மழை அழைத்தது. ஒரு சாயங்காலம் தொப்பலாக நனைந்து வந்து கடைக்குள் ஒண்டினார்கள். கடைக்குப் பின்னால்தானே வீடு. உன் அம்மா எட்டிப் பார்த்தாள். துண்டு கொடுத்தாள். பாய் விரித்தாள். இலை போட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, பச்சை மிளகாய் தூக்கலாகப் போட்ட ஆம்லெட். முதல் வாயிலேயே எட்டுப் பேருக்கும் கண்ணில் தண்ணீர். ஆனால் நிறுத்தவில்லை.

நிறுத்தவில்லை என்பதுதான் பிரச்சினையாகப் போயிற்று. போதும் என்றால் இலையை மடிக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. இலை திறந்து கிடந்தால் ஆள் இன்னும் பசியோடு இருக்கிறான் என்பது உன் அம்மாவுக்குத் தெரியும். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள். வைத்ததை மிச்சம் வைத்தால் வீட்டுக்காரிக்கு அவமரியாதை என்று அவர்களுக்கு அவர்கள் ஊரில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தின்றுகொண்டே இருந்தார்கள். ஸ்கிப்பர் பெல்டைத் தளர்த்தினார். கண்ணாடிக்காரருக்கு வியர்த்துக் கண்ணாடியில் ஆவி படிந்தது. உன் அம்மா அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "இன்னாங்க, பானை காலி. வெள்ளைக்காரன் வயிறா, வண்ணான் சாலா?" என்றாள். கடைசியில் எதிர்வீட்டு ஆரோக்கியசாமி வந்து சேர்ந்தார். விமானத் தொழிற்சாலையில் போர்மேன், அதனால் இவர்களையும் தெரியும், நம் வீட்டையும் தெரியும். பார்த்த மாத்திரத்தில் சங்கதி புரிந்து, ஸ்கிப்பரின் இலையை அவரே மேலிருந்து கீழாக மடித்துக் காட்டினார். அடுத்த நொடியில் இன்னும் ஆறு இலைகள் படபடவென்று மடிந்தன. ஆல்பி மட்டும் மடிக்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே பசி.

அதற்கப்புறம் தினமும் வந்தார்கள். யாருக்கு என்ன பிடிக்கும் என்பது உன் அம்மாவுக்கு மனப்பாடம். ஸ்கிப்பருக்கு அந்த ஆம்லெட். கண்ணாடிக்காரருக்கு வாழைக்காய் பஜ்ஜி. ஒருவனுக்கு கோலி சோடா, அதுவும் உடைக்கும்போது சத்தம் பெரிதாக வரவேண்டும். ஒருவனுக்கு வெறும் சோறும் சர்க்கரையும். ஆல்பிக்கு எது கிடைத்தாலும்.

சுவரில் உன் போட்டோ இருந்ததே, கதர்க் குல்லாவோடு எடுத்தது, அதை ஒருநாள் ஸ்கிப்பர் எழுந்துபோய்ப் பார்த்தார். யார் என்றார். என் மகன், நீங்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் ஊருக்குப் போகவேண்டும் என்று கொடி பிடிக்கிறவன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆரோக்கியசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஸ்கிப்பர் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் சொன்னதை ஆரோக்கியசாமி தமிழில் சொன்னார்: "மச்சான், இந்த விசயத்துல உங்க பையனும் இவரும் ஒரே கட்சியாம். இவருக்கும் வீட்டுக்குப் போகணுமாம்." எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் பல்லி விழுந்தது. நீ இல்லாத வீட்டில் உன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்ட நாள் அது. உனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் குண்டு போடுகிறவர்கள்தானே என்று நீ கேட்பாய். ஆமாம். அதையும் நான் கேட்டேன். பர்மாவில் நம் ஜனமும் இருக்கிறதே, யார் தலையில் விழுகிறது என்று தெரியுமா என்றேன். பாலம் என்று சொல்லி அனுப்புகிறார்கள், மேலே இருந்து பார்த்தால் பாலம் நூல் மாதிரி இருக்கும், நூலைச் சுற்றி என்ன இருக்கிறது என்று தெரியாது என்றார் ஸ்கிப்பர். அவர்கள் சாமிகள் என்று நான் சொல்லவரவில்லை. உன் வயசுப் பிள்ளைகள். அவ்வளவுதான்.

விமானம் சரியாகிவிட்டது என்று வந்து சொல்லிவிட்டு, மறுநாள் விடியலில் கிளம்பிப் போனார்கள். கடைக் கூரைக்கு மேலே ஒரு வட்டம் அடித்துத்தான் போனார்கள். ஓடு அதிர்ந்தது. தெருவே வெளியில் நின்று கையாட்டியது. உன் அம்மா குழம்புக் கரண்டியோடு ஆட்டினாள்.

மகாளய அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தபோது ஆரோக்கியசாமி வேலையிலிருந்து வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே நம் கடைக்கு வந்து உட்கார்ந்தார். மேகத்துக்குள் வழி தெரியாமல் விமானம் பர்மா மலையில் மோதிவிட்டதாம். ஒருவரும் மிச்சமில்லையாம். காடு, ஆள் போகமுடியாத இடம், உடம்புகளைக் கொண்டுவரவும் வழியில்லையாம். தன் மாதா கோயிலில் பூசை வைக்கச் சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அமாவாசைக்கு எட்டு எலை சேத்துப் போட்டுடலாங்க. ஊர் பேர் தெரியாத மலையில கெடக்குறாங்க. நம்ம கையால தின்ன வாயி" என்றாள். அவர்கள் வேறு ஜாதி, வேறு மதம், வேறு தேசம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பசிக்கு ஜாதி பார்த்தா அன்றைக்கு இலை போட்டேன் என்று கேட்டாள். அன்றைக்கே இலைக்கட்டுக்குச் சொல்லிவைத்தேன்.

படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் இல்லையா? ஆம்லெட், வாழைக்காய் பஜ்ஜி, கோலி சோடா, சர்க்கரைச் சோறு. பீரும் சிகரெட்டும் ஆரோக்கியசாமி கொண்டுவந்தார். என் அப்பா, தாத்தா இலைகளுக்குப் பக்கத்தில் அந்த எட்டு இலைகளையும் போட்டு, விளக்கேற்றி, சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் நிழல் ஆடியது. திரும்பினால் ஆல்பி நிற்கிறான்.

தம்பி, நான் எதற்கும் பயப்படுகிறவன் இல்லை. ஆனால் சாம்பிராணித் தட்டு கையை விட்டுப் போய்விட்டது. ஆள் இளைத்திருந்தான். மூஞ்சி மஞ்சளாக இருந்தது. கண்ணும் மஞ்சள். உன் அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் காலைத்தான் பார்த்தாள். கால் தரையில் பாவுகிறதா என்று. பாவியிருந்தது. சேறு பூசின பூட்ஸோடு, மெழுகிக் கோலம் போட்ட கூடத்தில் நன்றாகவே பாவியிருந்தது.

"பூட்ஸக் கழட்டிட்டு வாடா. படையல் வெச்சிருக்குற எடம்" என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆரோக்கியசாமி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார். விஷயம் இதுதான். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவனுக்கு மஞ்சள் காமாலை என்று பட்டாள ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டுவிட்டார்கள். அவன் இடத்தில் வேறொரு பையனை ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு மைல் தள்ளி அவன் படுத்துக்கிடந்தது நமக்குத் தெரியாது. நாம் உயிரோடு இருக்கிறவனுக்குப் படையல் போட்டுவிட்டோம். செய்தி அவனுக்கு அன்று காலையில்தான் தெரிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல் கிடந்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நடந்து இங்கே வந்திருக்கிறான்.

இலைகளைப் பார்த்தான். ஆம்லெட்டைப் பார்த்ததும் யாருக்கு என்று அவனுக்கே புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே போனான். கடைசி இலைக்கு வந்ததும் நின்றான். அது யாருடையது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அதில்தான் எல்லாம் மலை மாதிரிக் குவிந்திருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அந்த இலை தனக்கு உரியதுதான், வேறொருவன் தன் இடத்தில் போய்விட்டான் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆரோக்கியசாமி தமிழில் சொல்லச் சொல்ல உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பையனுக்கு என்ன பெயர் என்றாள். ஃப்ராங்க். அவனுக்கு என்ன பிடிக்கும்? ஆல்பிக்குத் தெரியவில்லை. அவனைப் பார்த்ததே இல்லை. அதைச் சொல்லும்போதுதான் ஆல்பி வாய்விட்டு அழுதான்.

உன் அம்மா அவனைத் தேற்றவில்லை. வேலை பார்த்தாள். ஆல்பியின் இலையைக் கொஞ்சம் நகர்த்தி, வரிசையில் சரியாக வைத்து, எல்லா இலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து அதில் சேர்த்தாள். ஏதாவது ஒன்றாவது அந்தப் பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்கும் என்றாள். அப்புறம் வரிசையை விட்டுத் தள்ளி, அடுக்களை வாசலில் ஒரு புது இலை போட்டு, அதற்கு எதிரே ஆல்பியை உட்காரவைத்தாள். காமாலைக்காரனுக்கு எண்ணெய் ஆகாது. மோர்ச் சோறும், கீழாநெல்லித் துவையலும்தான். அவன் அந்தப் பச்சை உருண்டையைப் பார்த்தான், தள்ளி இருந்த ஆம்லெட்டைப் பார்த்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரோக்கியசாமியிடம் என்னவோ சொன்னான். செத்துப்போனவர்களுக்கு மட்டும் நல்ல சாப்பாடா என்று கேட்கிறான் என்றார் அவர். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

தின்று முடித்ததும் இலையை மடித்தான். துக்கச் சாப்பாட்டில் இலையை எதிர்ப்பக்கம் தள்ளி மடிக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்தது அன்றைக்கு ஆரோக்கியசாமி காட்டிக்கொடுத்தது ஒன்றுதான். கல்யாண வீட்டில் மடிக்கிற மாதிரித் தன் பக்கமாக மடித்தான். ஆரோக்கியசாமி குனிந்து திருத்தப் போனார்.

"வுடுங்கண்ணே. அவன் சரியாத்தான் மடிச்சிருக்கான்" என்றாள் உன் அம்மா.

உடம்பு தேறும்வரை அவன் அடிக்கடி வந்தான். சைக்கிளில் ஏறிச் சுற்ற ஆரம்பித்தான், இந்தத் தடவை முன்பக்கம் பார்த்து. கப்பல் ஏறுவதற்கு முன்னால் வந்து சொல்லிக்கொண்டபோது ஒன்று கேட்டான். அவன் ஊரில் கல்லில் பெயர் வெட்டுவார்கள், பாதிரியார் ஜெபம் சொல்வார், ஆனால் யாரும் ஆம்லெட் வைக்கமாட்டார்கள். நீங்கள் வைப்பீர்களா என்றான். முக்கியமாக அந்தப் பையனுக்கு. நான் வைப்பேன் என்று கையில் அடித்துச் சொன்னேன். அவன் கையைக் குலுக்கினான். நான் இத்தனை வருஷம் பத்திரம் எழுதி நடத்திய வியாபாரத்தைவிடக் கையடித்து நடத்தியதுதான் அதிகம், ஒன்றிலும் பிறழ்ந்ததில்லை.

கதையில் உனக்கு ஒரு பிரயோஜனமும் இருக்கிறது. அன்று படையல் முடிந்து படுக்கும்போது எனக்குத் திடீரென்று தோன்றியது. ஏழு வெள்ளைக்காரர்களுக்கு என்ன பிடிக்கும் என்று விரல்விட்டுச் சொல்லும் எனக்கு, உன் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. அவளையே கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கல்யாணம் ஆன புதிதில் சிவாஜிநகர் மார்க்கெட்டில் நின்றபடியே ஒரு தரம் கீமா சமோசா தின்றோமே, அது என்றாள். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று தின்றாள். நீ கல்யாணம் ஆன மாதத்துக்குள் சரோஜாவுக்கு என்ன பிடிக்கும் என்று கண்டுபிடித்துவிடு. பட்டு, நகை எல்லாம் அப்புறம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்த கையோடு கடையைச் சாத்திவிட்டு நேற்றே ஒக்கலிபுரம் போனேன். விரிசல் விட்ட பிரேமுக்குப் பெயிண்ட் அடித்து விற்கிறவன் நான் இல்லை. நம் வீடு எப்படிப்பட்டது என்பதைப் பெண் கொடுக்கிறவர்கள் என் வாயால் கேட்கட்டும் என்று, உனக்கு எழுதியது அத்தனையும் அங்கேயும் சொன்னேன். சம்பந்தி சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர் அல்லவா, மனுவைக் கேட்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தாய்மாமன்தான் பிடித்துக்கொண்டார். பங்காளியும் இல்லை, ஜாதியும் இல்லை, நம்மை ஆளுகிறவனின் ஆட்கள் வேறு, சுப காரியத்துக்கு முன்னால் இதெல்லாம் எதற்கு என்றார். நான் பேரத்தில் இறங்கினேன். பீரைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறேன் என்றேன். மாட்டேன் என்றார். ஆம்லெட்டை விட்டுவிடுகிறேன், பஜ்ஜி மட்டும் என்றேன். மாட்டேன் என்றார். சிகரெட்டைப் பற்றவைக்கவில்லை என்றேன். சம்பந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது, மாமன் மட்டும் அசையவில்லை. கையடித்துக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், உன் கல்யாணம் ஒரு பக்கம்.

அப்போது காபி கொண்டுவந்த சரோஜா டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள். அவள் அப்பாவைப் பார்த்து ஒரு பேச்சுப் பேசலாமா என்றாள். அவர் தலையாட்டினார். என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, கல்யாணத்துக்கு முன்னால வேணாம். அப்ப நான் அங்க வரவும் முடியாது. கல்யாணம் முடிஞ்சு நான் உங்க வீட்டுக்கு வந்து மொதமொதல்ல சமைக்கிறப்ப போடலாம். எட்டு எலைக்கும் நானே பரிமார்றேன். அப்ப அது எங்க வீட்டு விசயம், தாய்மாமா கோவிச்சுக்க மாட்டார்."

தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முன்னால் வேண்டாம் என்றுதானே கேட்டார், அது அவருக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் வீடு என்று அவள் சொன்னதை அவராலும் மறுக்கமுடியாது, கட்டிக்கொடுக்கிறது அதற்குத்தானே. சம்பந்தி காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். முட்டை உடைத்துப் பழக்கம் உண்டா அம்மா என்று நான் கேட்டேன். உடைத்ததில்லை, அத்தையிடம் கற்றுக்கொள்கிறேன் என்றாள். ஃப்ராங்குக்கு ஒப்பட்டுப் போளி செய்யலாமா, அது பிடிக்காதவர்கள் யாரும் கிடையாது என்றும் சொன்னாள். கடையில் கிராக்கியை மடக்கி மடக்கியே காலம் தள்ளினவன் நான், தம்பி. என்னை ஒரு டம்ளர் காபியில் மடக்கிவிட்டாள். ஒக்கலிபுரத்திலிருந்து ஜீவனஹள்ளி வரைக்கும் சிரித்துக்கொண்டே பெடல் மிதித்தேன். உன் அம்மாவிடம் சொன்னதும் முட்டைக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.

ஆகவே நீ கேட்டபடி கல்யாணத்துக்கு முந்தின படையலில் அவர்களுக்கு இலை கிடையாது. உன் கடிதத்துக்குப் பதில் அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிந்தினதைப் பற்றி உனக்கு ஏதாவது ஆட்சேபம் இருந்தால் எனக்கு எழுதிப் பிரயோஜனமில்லை. அது இப்போது உன் மனைவியின் சமையல். அவளிடம் வாதாடிப் பார், ஜெயித்தால் எனக்கும் எப்படி என்று சொல்.